ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

மார்ச் 3

நேற்றிரவு என் சரக்கு லாரி வந்து நின்றதும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். போய்த் திரும்பிய இந்த நடையில் மொத்தம் 800 கிலோமீட்டர். போகும்போது சரக்கோடு 400, திரும்பும் வழியில் பாதித் தூரத்துக்குக் கிடைத்த லோடுக்கு 200. மீதி 200 காலி ஓட்டம். வாடகை பேசும்போது நான் பெருக்கியது 600ஐ மட்டும்! காலியாக ஓடினாலும் டீசல் எரிகிறது, டயர் தேய்கிறது, ஓட்டுநர் தூக்கம் கெடுகிறது. கிலோமீட்டருக்கு அடக்கம், அதாவது எனக்கு ஆகும் செலவு, 3 பங்கு என்றால், சரக்கு ஓட்டத்துக்கு 4 பங்கு கேட்டால்தான் அசலே தேறும். இரண்டு வருடமாக இப்படியே பேசி வந்திருக்கிறேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் 5

தவணை, காப்பீடு, வரி, ஓட்டுநர் சம்பளம். வண்டி ஓடினாலும் நின்றாலும் இவை மாதம் பிறந்தால் வந்துவிடும். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்து இவற்றைப் பங்கிட்டிருந்தேன். போன மாதம் ஓடியது 7,000தான். அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டர் தலையிலும் இந்தச் செலவு ஏறக்குறைய 43 சதவீதம் கூடிவிட்டது. இனி, உண்மையில் ஓடிய கடைசி ஆறு மாதச் சராசரியை வைத்துத்தான் வகுக்கப்போகிறேன்.

மார்ச் 9

சரக்கு இறக்கப் போன இடத்தில் வண்டி 19 மணி நேரம் நின்றது. கிடங்கு வாசலில் வரிசை. ஓட்டுநர் அண்ணன் இரவு இரண்டு மணிக்குப் போன் செய்து, "இன்னும் கூப்பிடவில்லை தம்பி" என்றார். குரலில் அவ்வளவு அசதி. நாளுக்கு 400 கிலோமீட்டர் ஓட வேண்டிய வண்டி அது. காத்திருப்புக் கட்டணம் பற்றி நான் எழுதி வாங்காததால் கேட்கவும் வழியில்லை.

மார்ச் 10

அடக்கத்தின் மேல் 20 சதவீதம் ஏற்றினால் வாடகையில் 20 சதவீதம் லாபம் என்று நம்பியிருந்தேன். 100க்கு 120 வாங்கினால், 120இல் 20. ஆறில் ஒரு பங்குதான். உண்மையிலேயே 20 வேண்டுமென்றால் அடக்கத்தை 0.8ஆல் வகுத்து 125 கேட்க வேண்டும்.

மார்ச் 14

புதிய வாடகைக் கணக்கு எழுதிய தாளோடு பழைய வாடிக்கையாளரைப் பார்க்கப் போனேன். முதல் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு காத்திருப்புக் கட்டணம் என்றதை ஒப்புக்கொண்டார். டீசல் விதியையும் விளக்கினேன்: லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 800 கிலோமீட்டர் நடைக்கு 200 லிட்டர், ஒப்பந்த நாள் விலையிலிருந்து ஏறினாலும் இறங்கினாலும் அந்த வித்தியாசத்தை 200ஆல் பெருக்கி வாடகையில் கூட்டலாம், குறைக்கலாம். இறங்கினால் குறைப்பேன் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

அடிப்படை வாடகையில்தான் முட்டிக்கொண்டது. "ஏற்றித் தர முடியாது. வேண்டுமானால் இரண்டு டன் கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றார். அனுமதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்ற மாட்டேன் என்றேன். பின்சக்கர டயர் ஒன்றின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்ததைப் போன வருடம் தொட்டுப் பார்த்தவன் நான். அந்த வண்டியை ஓட்டி வந்தவரும் இதே அண்ணன்தான்.

மார்ச் 17

அந்த வாடிக்கையாளரின் ஒரு தடத்தை விட்டுவிட்டேன். இன்னொரு தடத்துக்குப் புதிய வாடகையில் சம்மதித்திருக்கிறார். அங்கே திரும்பும் லோடு உறுதி. காலி ஓட்டம் 40 கிலோமீட்டர்தான். வியாழக்கிழமை காலை முதல் நடை.