மூக்குத்தித் திருகும் ஒரு மூளை ஸ்கேனும்

அந்த மின்னஞ்சல் வந்தபோது ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். "உங்கள் மரபணுத் தகவலின் அடிப்படையில் இந்த ஆய்வுக்கு அழைக்கிறோம்" என்ற ஒரு வரிதான் கண்ணில் பட்டது. நினைவும் யோசிக்கும் திறனும் மங்கிப்போகிற டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மரபணு உள்ளவர்களுக்கு, நோய் எதுவும் இல்லாத வயதிலேயே மூளை வேலை செய்கிற விதத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கும் ஆய்வு. புளிசாதத்தை அப்படியே மூடி வைத்தேன். எனக்கும் அது இருக்கிறது, அதனால்தான் கூப்பிடுகிறார்கள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், வயது 38. அம்மா மன்னார்குடியில், தம்பி வீட்டோடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். 66 வயதில் ஒரே மாதத்தில் பால்காரருக்கு மூன்று தடவை பணம் கொடுத்திருக்கிறார், அந்த மனிதர் இரண்டு தடவைப் பணத்தைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தபோதுதான் எங்களுக்கு விஷயமே உறைத்தது. அம்மாச்சிக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான், அப்போது யாரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, வயசாகிவிட்டது என்றார்கள். அம்மாவுக்கு அல்சைமர், அதாவது டிமென்ஷியாவில் ஒரு வகை, என்று உறுதியான வருஷம்தான் இங்கே தன்னார்வலர்களின் ரத்த மாதிரியைச் சேர்த்து வைக்கும் ஓர் உயிரி வங்கியில் பெயர் கொடுத்தேன். கொடுத்ததையே மறந்தும் போனேன். (இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.)

இரண்டு நாள் தூங்காமல் இருந்துவிட்டு, மின்னஞ்சலில் இருந்த எண்ணுக்கு போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார்: அந்த மரபணு வகை உள்ளவர்களையும் கூப்பிடுகிறோம், இல்லாதவர்களையும் கூப்பிடுகிறோம், இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால்தானே ஆய்வு, அதனால் அழைப்பு வந்ததை வைத்து நீங்கள் எதையும் ஊகிக்க முடியாது. நீங்கள் எந்தக் கூட்டம் என்பது எனக்கும் தெரியாது, உங்களை ஸ்கேன் செய்யப் போகிறவருக்கும் தெரியாது. ஆய்வு முடிந்த பிறகும் உங்களிடம் சொல்ல மாட்டோம்.

கடைசி வாக்கியத்தில் எனக்குக் கோபம் வந்தது. என் ரத்தம், என் மண்டை, எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மரபணுவின் பெயர் ஏபிஓஇ, 19ஆவது குரோமோசோமில் இருக்கிறது, உடம்பில் கொழுப்பைச் சுமந்து செல்கிற ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அது. இ2, இ3, இ4 என்று மூன்று வகை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஆளுக்கு இரண்டு. பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இ3. இந்த இ4க்கும் அல்சைமருக்கும் தொடர்பு இருப்பதை 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு இ4 இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும், இரண்டும் இ4 என்றால் எட்டு மடங்குக்கும் மேல் என்பார்கள். ஆனால் இ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் ஏராளம், இல்லாமலேயே நோய் வந்தவர்களும் ஏராளம். அதோடு இந்த மடங்குக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது, மன்னார்குடிக்காரிக்கு அதே கணக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. நான் ஆய்வில் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தன் முழு மரபணுத் தொகுப்பையும் உலகத்துக்கே திறந்து வைத்தவர், இந்த ஏபிஓஇ ஒன்றை மட்டும் மறைத்துவிடச் சொன்னாராம். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. அதைப் படித்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

ஸ்கேன் நாள். முதலில் ஒப்புதல் படிவம், பக்கம் பக்கமாக. இதில் சேர்கிறவர்கள் ஒன்றை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்: எதைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்ற பகுதி. என் படிவத்தில் மரபணு முடிவு கிடையாது, ஆனால் படத்தில் கட்டி மாதிரி ஏதாவது தற்செயலாகத் தெரிந்தால் என் குடும்ப மருத்துவருக்குச் சொல்வார்கள் என்று இருந்தது. அதற்குத் தயாரா என்று யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்து உலோகம். பெரிய காந்தம், அதனால் உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. வளையல், தோடு, ஹேர்பின், உள்ளாடைக் கொக்கி எல்லாம் போயிற்று. தாலிச் செயினைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். மூக்குத்திதான் வரவில்லை. பதினைந்து வருஷமாகக் கழற்றாத திருகு, இறுகிப் போயிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று நான் திருக, ஸ்கேன் எடுக்கும் பெண் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தர, இருபது நிமிஷம் போராடிய பிறகு டக்கென்று விட்டது. கண்ணெல்லாம் தண்ணீர். போவதாக இருந்தால் முந்தின நாளே வீட்டில் கழற்றிவிட்டுப் போங்கள்.

தலைக்குக் கிரிக்கெட் ஹெல்மெட் மாதிரி ஒரு கூண்டு, கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி, அதில் திரை தெரியும். வலது கையில் இரண்டு பொத்தான், இடது கையில் அவசரத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் பந்து. சத்தம் எங்கள் தெருவில் போர்வெல் போட்டபோது கேட்ட அதே சத்தம், காதில் அடைப்பான் இருந்தும். படங்கள் வரும், ஏற்கெனவே காட்டியதா புதிதா என்று பொத்தானை அமுக்க வேண்டும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும், அந்த மாற்றத்தைத்தான் இயந்திரம் பிடிக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் 'இது மறந்துபோனால்?' என்று பதறிக்கொண்டே அமுக்கினேன்.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று. அபாயம் உள்ளவர்களின் மூளை மந்தமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆக்ஸ்போர்டு, இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டது நேர்மாறு: 20 முதல் 35 வயதுள்ள 36 பேர், பாதிப் பேருக்கு இ4. ஞாபகத் தேர்வில் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் செய்தார்கள், ஆனால் இ4 உள்ளவர்களின் ஹிப்போகேம்பஸ், அதாவது நினைவைப் பதிய வைக்கிற பகுதி, கூடுதலாக வேலை செய்தது. அதே வேலைக்குக் கூடுதல் உழைப்பா, அந்த உழைப்பே பின்னால் தேய்மானமாகிறதா என்பதெல்லாம் இன்னும் தீராத வழக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையில் போகவும் இல்லை.

கடைசிப் பத்து நிமிஷம், "ஒன்றும் செய்ய வேண்டாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்." சும்மா இருக்கும்போது பழசை நினைக்கிற, தன்னைப் பற்றி யோசிக்கிற ஒரு வலைப்பின்னல் மூளையில் ஓடுமாம். அல்சைமரில் அமிலாய்டு புரதம் ஆரம்பத்திலேயே படியத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே இடங்களில்தான். நான் என்ன நினைத்தேன்? ஆறாம் வகுப்பில் அம்மா எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது. பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு. இயந்திரம் அதையும் எங்கோ ஒரு புள்ளியாகப் பதிந்திருக்கும்.

தம்பி போனில், "தெரிஞ்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போற?" என்றான். தனியார் நிறுவனங்களின் எச்சில் பரிசோதனைப் பெட்டியை வாங்கி நானே பார்த்துக்கொள்ளலாம், தடையில்லை. இரண்டு தடவை கூடையில் போட்டு எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை போடவில்லை, அவ்வளவுதான். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் இப்போது நாள் தவறாமல் போடுகிறேன். அதை எந்த மரபணுவாக இருந்தாலும் போடத்தான் வேண்டும்.

போகும்போது என் மூளைப் படம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

"யாரு தலை இது?"

"என்னோடதும்மா."

கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "தலைக்கு எண்ணெய் வைக்கிறியா?"

வைக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் வைக்கிறேன் என்றேன்.