மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால், ஒரு சின்ன மஞ்சள் முடிச்சு ஐந்து வருஷத்துக்கு மேலாக இருந்தது. வெள்ளிக்கிழமை அலமாரி துடைக்கும்போது அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பேன். இந்த வைகாசியில்தான் அதைக் கொண்டுபோய் வைத்தீஸ்வரன்கோயில் உண்டியலில் சேர்த்தேன்.

2020 ஆகஸ்ட் மாதம் முடிந்துவைத்தது அது. சின்னவன் புனேயில் வேலை பார்க்கிறான். மருமகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பிள்ளை ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூக்கில் குழாய். கொரோனா நேரம், இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாது. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குச் சின்னவன் கூப்பிட்டான். "ரெண்டு நாள் தாண்டணும்னு சொல்றாங்கம்மா" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

நேரே அடுப்படிக்குப் போய் மஞ்சளைக் குழைத்தேன். பழைய வேட்டிக் கரையோரம் ஒரு துண்டு கிழித்து அதில் நனைத்தேன். "ஒரு காசு குடுங்க" என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர் கோயில் குளம் என்று அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையில் கைவிட்டு, சில்லறையை உள்ளங்கையில் பரப்பி, இருந்ததில் புதிதாக இருந்த ஒரு ரூபாயைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். "தையல்நாயகிக்கு முடிஞ்சு வை. அங்கேயே மொட்டை போட்டு, மாவிளக்குப் போட்டுடுவோம்" என்றார். தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில் அம்பாள். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பிள்ளை பிழைத்தான். ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். ராப்பகலாகக் கண்விழித்த டாக்டர்களையும் நர்ஸ் பெண்களையும் இன்றைக்கும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குத் துணைநின்றவன் அந்தக் கோயில் சுவாமி வைத்தியநாதன் என்பது என் நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

நேர்த்திக்கடன் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. 2021 ஏப்ரலில் கோயில் கும்பாபிஷேகம் நடந்தது. அப்போதும் கொரோனா, வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டோம். அப்புறம் சின்னவனுக்கு லீவு கிடைக்கவில்லை. 2023இல் எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். வருஷம் திரும்பும்வரை எந்த நல்ல காரியமும் செய்ய முடியாது. அதற்குப் பிறகும் ஒருவருக்கு வசதிப்பட்டால் இன்னொருவருக்கு வசதிப்படவில்லை. அப்பர் பெருமான் இந்தத் தலத்தில் பாடிய பதிகத்தில், இவனைப் போற்றாமல் இத்தனை நாளைப் போக்கிவிட்டேனே என்று பாட்டுக்குப் பாட்டு வருந்துவார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த முடிச்சைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

இந்த மே மாதம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பெரியவன் குடும்பம் சென்னையிலிருந்து, மகள் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து, சின்னவன் குடும்பம் புனேயிலிருந்து. சம்பந்தி வீட்டார் திருத்துறைப்பூண்டியிலிருந்து தாய்மாமன் சீரோடு வந்தார்கள். மொத்தம் பதினேழு பேர். அவர் காரியத்துக்குப் பிறகு இந்த வீட்டில் இத்தனை செருப்பு வாசலில் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு நாளும் கூடத்தில் பாய் சுருட்டவே இல்லை.

மாவிளக்கு மாவை மெஷினில் கொடுக்க எனக்கு மனசு வராது. ஒரு படி பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, ஈரம் போயும் போகாமலும் இருக்கும்போது கொல்லைப்புற உரலில் போட்டோம். மகளும் மருமகள்களும் மாற்றி மாற்றி இடித்தார்கள். நான் சலித்தேன். வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்து மறுபடி ஒரு இடி, ஏலக்காய் கொஞ்சம். வெல்லம் இளகி மாவைப் பிடிக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், வெடிக்கக் கூடாது. சின்ன மருமகள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண். உலக்கை பிடித்துப் பழக்கமில்லாததால் உள்ளங்கை சிவந்துபோனது. "விடும்மா, நீ போய்ப் பிள்ளையைப் பாரு" என்றேன். "இல்லை அத்தை, இது நான் இடிக்கிறேன்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலை நான்கரைக்கு வேன் வந்தது. திருபுவனம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று வழி. குத்தாலம் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் பருத்தி. பம்புசெட் வைத்திருக்கிறவர்கள் நாற்றுவிட்டிருந்தார்கள், அந்தத் துண்டு மட்டும் பச்சை. மற்ற வயலெல்லாம் மேட்டூர்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஏழு மணிக்குள் கோயிலடிக்கு வந்துவிட்டோம்.

ஊருக்குப் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். புள் என்றால் சடாயு, இருக்கு என்றால் ரிக் வேதம், வேள் முருகன், ஊர் சூரியன். நால்வரும் பூஜித்த இடம். பெரியவன் மகள் கல்லூரியில் தமிழ் படிக்கிறாள், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குக் கேட்கக் கேட்க ஆனந்தமாக இருந்தது.

முதலில் மொட்டை. தாய்மாமன் மடியில் பேரன் உட்கார்ந்தான். முதல் மயிர்க்கற்றை விழும்வரை சிரித்துக்கொண்டிருந்தவன், தண்ணீர் காதுக்குள் போனதும் அழ ஆரம்பித்தான். முடி இறக்குகிறவர் பொறுமைசாலி. "ஆச்சு சாமி, ஆச்சு சாமி" என்று சொல்லிக்கொண்டே முடித்துவிட்டார். உச்சியில் சந்தனம் தடவும்போது பார்த்தேன். பிறந்தபோது என் உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கும் அந்தத் தலை. அப்போது அதைத் தொட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இன்றைக்கு இரண்டு கையாலும் தடவினேன். காது குத்தும்போது அழுகை இன்னும் அதிகம். ஆனால் மாமன் போட்ட மோதிரத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்தோம். உடம்பில் கட்டி, பரு, தோல் நோய் என்று எது இருந்தாலும் வெல்லம் கரைவதுபோலக் கரையும் என்பது இங்கே வழக்கம். உப்பும் மிளகும் வாங்கிப் பிள்ளையின் தலையைச் சுற்றிக் கொட்டினோம். வைத்தியநாதர் மேற்குப் பார்த்த சுவாமி. சன்னதியில் கூட்டம் இருந்தாலும் தள்ளாமல் நகர்ந்தார்கள். எனக்கு முழங்கால் மடங்காது. கற்பூர ஒளியில் அந்த ஒரு நிமிஷம் வலி தெரியவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

செல்வமுத்துக்குமாரசாமியையும் அங்காரகனையும் கும்பிட்டுவிட்டு, சடாயு குண்டத்தில் திருநீறு எடுத்துக்கொண்டோம். இராமர் சடாயுவுக்கு இறுதிக் காரியம் செய்த இடம் என்று சொல்வார்கள். ஒரு கழுகுக்கு, பிள்ளை ஸ்தானத்தில் நின்று தீ மூட்டியிருக்கிறார். பெரியவன் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அவன் தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன். நானும் ஒன்றும் பேசவில்லை.

தையல்நாயகி முன்னால் மாவிளக்கு ஏற்றினோம். இரண்டு உருண்டை, இரண்டு குழி, நெய், திரி. நெய் சூட்டில் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு வாசனை வருமே, அதற்குப் பிள்ளைகள் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்பாள் கையில் தைலப் பாத்திரத்தோடு மருத்துவச்சியாக வந்தவள். அன்றைக்கு நல்ல மாம்பழ நிறத்தில் பட்டு உடுத்தியிருந்தாள்.

உண்டியல் பக்கம் போய் முடிச்சை எடுத்தேன். மஞ்சள் காய்ந்து, துணி பழுப்பேறி, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. பெரியவன் மெதுவாக, "அம்மா, அது அப்பா கை பட்ட காசு. வேற ஒன்னைப் போட்டுட்டு இதை வீட்டுல வச்சுக்கலாமே" என்றான். அந்த எண்ணம் எனக்கும் வராமல் இல்லை. வழியெல்லாம் இடுப்பில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் புதுக்காசாகப் பார்த்து எடுத்து, அவளுக்கு என்று சொல்லி அவர் கொடுத்தது. அதை நான் எப்படி மாற்றுவது? பேரன் கையில் வைத்து, அவன் கையைப் பிடித்து உள்ளே போட வைத்தேன். துணியில் சுற்றியிருந்ததால் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பெரியவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

வேப்பமரத்தைச் சுற்றி வந்து, மருந்துப் பிரசாதமான திருச்சாந்து உருண்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது தரை சுட ஆரம்பித்திருந்தது. கொண்டுவந்த புளிச்சோறும் தயிர்ச்சோறும் வழியில் ஒரு மர நிழலில் சாப்பிட்டோம். மாவிளக்கு மாவைப் பிசைந்து எல்லோருக்கும் ஒரு பிடி. சம்பந்தி அம்மா என் பங்கிலும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் சாயந்திரம் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சின்னவன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் சின்ன மருமகள் அடுப்படிக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் ஒரு ரூபாயும்.

"மஞ்சளை எப்படிக் குழைக்கணும் அத்தை?" என்றாள்.

யாருக்காக, எதற்காக என்று நான் கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "தண்ணியை நிறைய விட்டுடாதம்மா. துணி நனையுற அளவு போதும்" என்றேன்.