பார்த்தெனானில் நூல் பிடித்துப் பார்த்தால்

ஒழுங்காக எழும்பிய சுவரைப் பார்த்தால் ‘நூல் பிடித்தாற்போல் இருக்கிறது’ என்போம். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் நிற்கும் பார்த்தெனான் கோயிலுக்கு அந்தப் பாராட்டு பொருந்தாது என்பது, அதன் மூலையொன்றில் குனிந்து படியின் விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நின்று பார்க்கையில் மட்டமாகத் தெரிந்த படி, குனிந்ததும் நடுவில் மெல்ல மேடேறி, மறுகோடியை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கியது.

இது நிலம் அமிழ்ந்ததால் நேர்ந்த பிசகன்று. கி.மு. 447இல் இக்டினோஸ், காலிக்ராட்டிஸ் ஆகிய கட்டடக் கலைஞர்கள் வேலையைத் தொடங்கியபோதே திட்டமிட்டுச் செய்தது. ஏறத்தாழ 69.5 மீட்டர் நீளமுள்ள பக்கத்தில் தளம் நடுவில் சுமார் 11 சென்டிமீட்டரும், 30.9 மீட்டர் அகலமுள்ள பக்கத்தில் சுமார் 6 சென்டிமீட்டரும் உயர்ந்திருக்கிறது. சுற்றிலும் நிற்கும் 46 தூண்களும் சற்றே உட்பக்கம் சாய்ந்தவை. மூலைத் தூண்கள் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமனானவை. ஒவ்வொரு தூணின் உடலிலும் கண்ணுக்குச் சட்டெனப் பிடிபடாத ஒரு புடைப்பு உண்டு. இந்த வளைவுகளை 1840களில் நுட்பமாக அளந்து, 1851இல் வெளியிட்டவர் பிரான்சிஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர்.

வளைவு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கல்தச்சனுக்கு அது பெரும் பாடு. தளம் வளைந்தால் அதன்மேல் சாய்ந்து நிற்கும் தூணின் அடிக்கல்லையும் அதற்கேற்பச் சரித்துச் செதுக்க வேண்டும்; தூண்களுக்கு மேலே ஓடும் உத்தரக் கற்களும் அந்த வளைவைத் தொடர வேண்டும். ஆகவே, பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் கற்கள்கூடப் பலவும் தத்தம் இடத்துக்கு மட்டுமே பொருந்துபவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் பல கற்கள் இடம் மாறி வைக்கப்பட்டன. அவற்றின் சரியான இடத்தைக் கண்டறிவது இப்போதைய சீரமைப்பாளர்களுக்குத் தனி வேலையாகிவிட்டது.

எதற்காக இத்தனை மெனக்கெடல்? தளத்தை மட்டமாக அமைத்தால் அது நடுவில் குழிந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும் என்று கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ் காரணம் சொல்கிறார். மழைநீர் வடிய வசதி என்ற விளக்கமும் உண்டு. ஆனால் அது தூணின் புடைப்புக்குப் பொருந்தாது. விறைப்பாக நிற்கும் கல்லுக்குச் சற்றே உயிர்ப்பு வந்துவிடுகிறது என்பதே எனக்குப் போதிய காரணமாகப் படுகிறது.

கோயில் முடிந்து நாலைந்து ஆண்டுகளில் பிறந்த பிளேட்டோவுக்கு இத்தகைய தந்திரம் பிடிக்கவில்லை. ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில், பெரிய சிற்பங்களைச் செய்பவர்கள் உள்ளபடியான அளவுகளைக் கைவிட்டு, அழகாகத் தோன்றும் அளவுகளைக் கொடுக்கிறார்கள் என்று ஒரு பாத்திரம் குறை சொல்கிறது. அங்கே பேச்சு சிற்பத்தையும் ஓவியத்தையும் பற்றியதுதான்; என்றாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் படிதான் என் நினைவுக்கு வருகிறது.

தூணின் புடைப்பைத் தச்சர்கள் எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதற்குச் சான்று ஏதென்ஸில் கிடைக்கவில்லை. இன்றைய துருக்கியிலுள்ள டிடிமாவில், பார்த்தெனானுக்குப் பின் எழுந்த அப்போலோ கோயிலில் 1979இல் கிடைத்தது. அங்கே சுவரில் மெல்லிய கோடுகளாகக் கீறப்பட்டிருந்த வரைபடங்களை லோதர் ஹசெல்பெர்கர் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். அவற்றுள் ஒன்றில் தூணின் அகலம் முழு அளவிலும் உயரம் பதினாறில் ஒரு பங்காகவும் வரையப்பட்டிருக்கிறது; உயரம் சுருங்கியதால் புடைப்பு ஒரு தெளிவான வில்லாகத் தெரிகிறது. அதிலிருந்து தச்சன் ஒவ்வொரு உயரத்துக்கும் வேண்டிய அகலத்தை அளந்து எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்திருந்தால் சுவரைத் தேய்த்து மெருகேற்றும்போது அந்தக் கோடுகளும் மறைந்திருக்கும். கோயில் கடைசிவரை முற்றுப்பெறவே இல்லை.