சம்மன் வந்தாலே குற்றவாளியா?

ஒரு தொழிலதிபருக்கு அமலாக்கத்துறை சம்மன் என்று செய்தி வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். சம்மன் சாட்சிக்கும் வரும். எஃப்ஐஆர் புகாரின் பதிவு, குற்றப்பத்திரிகை விசாரித்தவர்களின் தரப்பு, அவ்வளவுதான்.

செல்போன் அலைக்கற்றை ஒதுக்கீட்டில் முறைகேடு என்ற 2ஜி வழக்கையே எடுங்களேன். 1.76 லட்சம் கோடி ரூபாய் ஊழல் என்று இன்றும் சொல்கிறோம். அது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி பல விதமாகப் போட்ட உத்தேச இழப்புக் கணக்குகளில் மிகப் பெரியது, யாரோ பையில் போட்டுக்கொண்ட தொகை அல்ல. 2012இல் உச்ச நீதிமன்றம், அலைக்கற்றையை அரசு ஒதுக்கிய முறையே தவறு என்று 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தொழிலதிபர்கள் உட்பட எல்லோரையும் விடுவித்தது. இரண்டும் உண்மை, ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. சிபிஐ மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம், ஆனால் அவரவர் தமக்குப் பிடித்த பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் (நானும் நிறுத்தியிருக்கிறேன்).

அப்புறம் நிறுவன இயக்குநர்களைப் பற்றிய இந்த 'தகுதி நீக்கப்பட்ட இயக்குநர்' பட்டியல். 2017இல் லட்சக்கணக்கானோர் அதில் வந்தார்கள். கேட்டால் மோசடி மாதிரி இருக்கும், காரணம் நிறுவனம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்கு தாக்கல் செய்யாதது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் பணம் கட்டி சமரசம் செய்துகொண்டவர்களும் பெரும்பாலும் குற்றச்சாட்டை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முக்கியமாக, பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். நம்மூரில் எத்தனை செந்தில்குமார்! இயக்குநர் அடையாள எண்ணைப் பாருங்கள்.