மாட்டு வண்டியில் வந்த நூலகம்

மன்னார்குடிப் பக்கம் சில கிராமங்களுக்கு வேனில் புத்தகம் கொண்டுபோகிறோம். இது புது யோசனை இல்லை. 1931 அக்டோபரில் இதே மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்பது அதில் ஒன்று.

அந்த விதியின் அர்த்தம் ரேஷன் கடைப் பக்கத்தில் வேனை நிறுத்தினால்தான் புரியும். குரூப் 4 படிக்கிற பெண்ணுக்குப் பழைய வினாத்தாள் வேண்டும். நூறு நாள் வேலை முடிந்து வரும் அக்காக்கள், "எழுத்து பெருசா இருக்கிறதா குடு தம்பி" என்பார்கள். பிள்ளைகளுக்குப் படம் இருந்தால் போதும். கிழித்துவிட்டால் காசு கேட்பார்களோ என்ற பயத்தில் எடுக்காமலே போகிறவர்களும் உண்டு. அதனால் நாங்கள் அபராதமே வாங்குவதில்லை. கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதைவிட, சொன்ன கிழமையில் சொன்ன நேரத்துக்கு வண்டி வருவதுதான் முக்கியம். ஐப்பசி மழையில் சாலை போய்விட்டால் அதுதான் முதலில் அடிபடுகிறது.

அப்புறம் ஒன்று. வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் இந்த மக்கள் கட்டுகிறார்கள். வண்டி வேண்டும் என்று கிராமசபையில் தாராளமாகக் கேட்கலாம்.