லாச்சப்பல் முதல் துய்ப்ளெக்ஸ் வரை: ஊரிலிருந்து பாரிஸ் வருவோருக்கு

பாரிஸ் மெட்ரோவில் 2-ஆம் எண் தடமும் 6-ஆம் எண் தடமும் சேர்ந்து ஊரைச் சுற்றி ஒரு வளையம் போடுகின்றன. மேற்கே எத்துவால், கிழக்கே நசியோன் ஆகிய இரண்டு நிலையங்களில் அவை சந்திக்கும். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மா அப்பாவுக்கு ஊர் காட்ட இந்த வளையத்தைவிட நல்ல வழி கிடையாது. பல இடங்களில் வண்டி தரைக்கு மேலே பாலத்தில் ஓடுவதால் சன்னலோரம் உட்கார்ந்தே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். முக்கியமாக, நமக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்கள் எல்லாம் இந்த வழியில்தான் இருக்கின்றன.

கிளம்பும் முன் ஒரு காகித வேலை உண்டு. உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்களின் விசாவுக்காக, வீட்டுக்காரர் தம் பகுதி மேரியில் (நம்ம புதுச்சேரிக் கடற்கரைச் சாலை மேரி மாதிரிதான், நகராட்சி அலுவலகம்) வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். சான்றின் அசல் தாளைக் கூரியரில் ஊருக்கு அனுப்ப வேண்டும், நகல் போதாது. பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். நம் இனிஷியலை பாஸ்போர்ட்டில் ஒரு விதமாக விரித்திருப்பார்கள், மேரியில் வேறு விதமாகச் சொல்லிவிடுவோம். பாஸ்போர்ட் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது.

பெட்டியில் என்ன வைப்பது என்பதும் இப்போதே. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, இறைச்சி எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலையும் கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கருவாடு வேறு கணக்கு: மீன் பொருள்களுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. கடலூர் முதுநகர்க் கருவாட்டை நல்ல உறையில் காற்றுப் புகாமல் இரண்டு சுற்று கட்டி எடுத்து வரலாம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வர ஆர்.ஈ.ஆர். பி என்ற புறநகர் ரயில். தனிச் சீட்டு ஒரு வழிக்கு 13, 14 யூரோ ஆகிறது. நகருக்குள் மெட்ரோ ஒரு தடவைக்குச் சுமார் இரண்டரை யூரோ. நவிகோ என்ற பயண அட்டையில் போடும் வாரச் சீட்டோ சுமார் 32 யூரோ. விமான நிலையமும் அதில் அடக்கம் என்பதால் ஒரு விமான நிலையப் பயணமும் எட்டு மெட்ரோ பயணமும் போனாலே காசு திரும்பிவிடும். ஆனால் அந்தச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று எண்ணிவிடாதீர்கள். நடப்பு வாரத்துச் சீட்டை வியாழன் வரைதான் விற்பார்கள், வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த வாரத்துக்குத்தான் கிடைக்கும். ஆகவே விமானச் சீட்டு போடும்போதே திங்கள், செவ்வாய் இறங்குகிற மாதிரி போடுவது லாபம். அட்டைக்குத் தனியாக 5 யூரோ. அதில் 2.5-க்கு 3 சென்டிமீட்டர் அளவில் படம் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். ஊர் ஸ்டுடியோவில் எடுக்கும் பாஸ்போர்ட் படம் அதைவிடப் பெரியது, இரண்டை முன்கூட்டியே வெட்டி எடுத்து வாருங்கள். படம் ஒட்டாத அட்டையோடு பரிசோதகரிடம் மாட்டினால், சீட்டுக்குப் பணம் கட்டியிருந்தாலும் அபராதம்தான்.

கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல். ஃபோபூர் சென்-தெனி தெருவின் மேல்கோடி, கய் தெரு, பெர்தோனே தெரு என்று நான்கைந்து தெருக்கள்தான். முருங்கைக்காய், வாழைப்பூ, புடவைக்கடை, நகைக்கடை, தமிழ்ப் பலகைகள் எல்லாம் இங்கே இருக்கும். கடைகளில் பெரும்பாலானவை ஈழத்தமிழர்களுடையவை. பேச்சு யாழ்ப்பாணத் தமிழ், சமையலும் அப்படியே. கொத்து ரொட்டியும் குழம்பும் நம் நாக்குக்குக் கூடுதல் காரமாக இருக்கும், உறைப்புக் குறைத்துப் போடச் சொன்னால் போடுவார்கள். பிரான்சில் பல கடைகள் மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இங்கே கூட்டம் நெரியும். பாஜோல் தெரு 17-ஆம் எண்ணில் மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் தேர் வரும், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். அந்த வாரம் இங்கே இருக்கிற மாதிரி பயணத்தை வைத்துக்கொண்டால் ஊரில் மணக்குள விநாயகரை விட்டுவந்த ஏக்கம் தணியும்.

அதே சென்-தெனி தெருவில் தெற்கே இறங்கிப் போனால் கண்ணாடிக் கூரை போட்ட ப்ராதி சந்து, 1828-இல் கட்டியது. இந்திய உணவகங்கள் வரிசையாக இருக்கும். 1970-களில் இங்கே முதலில் கடை போட்டவர் புதுச்சேரிக்காரர் ஒருவர். இப்போது அங்கே கிடைப்பது பெரும்பாலும் வட இந்தியச் சாப்பாடு. கூரையைப் பார்க்கப் போங்கள், சாப்பிட லாச்சப்பலுக்கே திரும்பி வாருங்கள்.

கார் து நோர், பார்பேஸ் சுற்றுவட்டத்தில் கழுத்துச் சங்கிலியை வெளியே தெரிய விடவே கூடாது. தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு, மேலே கழுத்துத் துணி சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மெட்ரோவில் கதவு மூடும் நொடியில்தான் கைப்பேசி பறிபோகும், ஆகவே கதவோரம் நின்று பேசக் கூடாது.

லாச்சப்பல் நிலையத்தில் 2-ஆம் தடம், ‘போர்த் தோஃபின்’ திசை. இங்கே வண்டிக்குத் திசை சொல்வது கடைசி நிலையத்தின் பெயரால்தான், வடக்கு தெற்கு என்று பலகை இருக்காது. இரண்டாவது நிலையம் ஆன்வேர். அங்கிருந்து மேலே தெரியும் வெள்ளைக் கோயில் சக்ரே-கேர். ஊரில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான். பக்கத்திலேயே இழுவை ரயில் இருக்கிறது, நவிகோ போதும். ஏறி நடப்பதென்றால் 222 படி. சிலர் ஆன்வேரை விட்டு அபெஸ் நிலையத்தில் இறங்கச் சொல்வார்கள். அது தரைக்கு 36 மீட்டர் கீழே இருக்கிறது. மின்தூக்கி ஓடாத நாளில் சுழல்படி ஏறி முழங்கால் போய்விடும், வேண்டாம். படிக்கட்டின் அடியில் கையில் நூல் கட்டிவிட வருபவர்களிடம் கையை நீட்டக் கூடாது. கோயில் கயிறு என்று நினைத்து நம்மவர்கள் பக்தியோடு நீட்டிவிடுகிறார்கள், கட்டி முடித்ததும் பணம் கேட்டு மறிப்பார்கள்.

மீண்டும் 2-ஆம் தடத்திலேயே எத்துவால் வரை. வெற்றி வளைவுக்குச் சாலையைக் குறுக்கே கடந்து போகக் கூடாது, நடைச் சுரங்கம் இருக்கிறது. மேலே ஏற 284 படி. ஏறாவிட்டாலும் பரவாயில்லை, மாலை 6.30-க்கு முன் அடியில் போய் நில்லுங்கள். பெயர் தெரியாத போர்வீரன் சமாதியில் தினமும் அந்த நேரத்துக்குச் சுடரைத் தூண்டுகிறார்கள். புதுச்சேரிச் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களுக்கு இது முக்கியமான இடம். கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தில் ஜூலை 14 அன்று பதக்கம் அணிந்து நின்ற தாத்தாக்களை நினைத்துக்கொண்டு இங்கே நிற்பவர்கள் உண்டு. ஆனால் அதே ஜூலை 14 காலையில் இந்தப் பக்கம் வராதீர்கள். அணிவகுப்புக்காகச் சுற்றியுள்ள மெட்ரோ நிலையங்களை மூடிவிடுவார்கள், வயதானவர்கள் வெகுதூரம் நடக்க நேரும்.

எத்துவாலில் 6-ஆம் தடத்துக்கு மாறி ‘நசியோன்’ திசை. மூன்றாவது நிலையம் த்ரொக்கதேரோ. ஈபிள் கோபுரத்தை முழுசாகப் படம் எடுக்க இதன் மேடைதான். பிறகு மறுபடி வண்டி ஏறுங்கள், நடக்க வேண்டாம். பாஸி நிலையம் தாண்டியதும் வண்டி சேன் ஆற்றின் மேல் பாலத்தில் ஏறும். இடது பக்கச் சன்னலில் கோபுரம் அடி முதல் நுனி வரை அப்படியே நகர்ந்து போகும். அரை நிமிடம்தான், முன்கூட்டியே இடது பக்கம் இடம் பிடித்து வையுங்கள். பிர்-ஹக்கெமில் இறங்கினால் கோபுரம் பத்து நிமிட நடை.

கோபுரத்துக்கு மின்தூக்கிச் சீட்டு இணையத்தில் 60 நாள் முன்பே திறந்துவிடும், கோடையில் சீக்கிரமே தீர்ந்துபோகும். படியேறிப் போக 674 படி, அதுவும் இரண்டாம் தளம் வரைதான். இரவில் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் விளக்குகள் மினுங்கும். ஜூனில் பொழுது சாயவே ஏறக்குறைய பத்து மணி ஆவதால் நல்ல இருட்டில் பார்க்கப் பதினொரு மணி வரை காத்திருக்க வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். முதியவர்களுக்கு அதனால் குளிர்காலமே தோது. மெட்ரோவுக்குள் புழுங்கும், வெளியே நடுங்கும் என்பதால் ஒரே தடிமன் சட்டையைவிட மெல்லியதாக மூன்று உடுத்துவது நல்லது.

இப்போது கோபுரத்தின் அடியில் நின்று இரண்டு பக்கமும் தெருப் பலகையைப் பாருங்கள். நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து, நம்ம ஊர்ப் பிரெஞ்சுத் தெருப் பலகையேதான். மேலே சின்னதாக வட்டார எண் இருக்கும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கமும் அதே எண்தான்: 75015 என்றால் பதினைந்தாம் வட்டாரம். பூங்காவின் ஒரு பக்கச் சாலை லபூர்தொனே, 1746-இல் சென்னையைப் பிடித்தவர். மறுபக்கச் சாலை சுஃப்ரேன், 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிய தளபதி. இரண்டு பெயருமே புதுச்சேரியில் வீதிகள். அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கும் சுஃப்ரேன் வீதியில் சைக்கிள் ஓட்டாத பிள்ளைகள் ஊரில் குறைவு. பிர்-ஹக்கெமுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் துய்ப்ளெக்ஸ், 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் ஆளுநராக இருந்தவர். நம்ம நேரு வீதியின் பழைய பெயரும் அதுவே. நிலையத்தை விட்டு இறங்கித் துய்ப்ளெக்ஸ் தெருவில் நடந்தால் அதிலிருந்து ஒரு சிறு தெரு பிரியும். பலகையில் ‘புதுச்சேரித் தெரு’ என்றே பிரெஞ்சில் எழுதியிருக்கும். சுற்றுலாப் பேருந்து எதுவும் இங்கே வராது. குடியிருப்பு வீடுகள் மட்டும் இருக்கும் அமைதியான தெரு. அந்தப் பலகைக்குக் கீழே அப்பாவை நிற்கவைத்து ஒரு படம் எடுங்கள், ஊரில் அத்தை மாமாவெல்லாம் கோபுரப் படத்தைவிட அதைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடல். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்மவர்கள் அடையாள அட்டையைக் காட்டிக் குறைந்த கட்டணத்தில் போகலாம், வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு லூவ்ரைவிட கிமே அருங்காட்சியகத்தைத்தான் சொல்வோம். த்ரொக்கதேரோவிலிருந்து 9-ஆம் தடத்தில் ஒரே நிலையம், இயெனா. சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியைச் சுற்றிவந்து நிதானமாகப் பார்க்கலாம். இதற்கும் செவ்வாய் விடுமுறை. வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, முழு நாள் வேண்டும், நடையும் அதிகம்.

2019 ஏப்ரலில் எரிந்த நோத்ர தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. நுழைவு இலவசம். இணையத்தில் நேரம் பதிவது இலவசம், கட்டாயமும் இல்லை. பணம் கேட்டுச் சீட்டு விற்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்று. அங்கிருந்து கத்தோலிக்கர்கள் ரூ து பாக் தெருவுக்குப் போகாமல் திரும்பக் கூடாது. செவ்ர்-பாபிலோன் நிலையத்தில் இறங்கினால் 140-ஆம் எண்ணில் அற்புதப் பதக்க மாதா சிற்றாலயம். மதியம் மூடுவதுண்டு, காலையிலேயே போய்விடுங்கள். அதே தெருவில் 128-ஆம் எண் பாரிஸ் வேதபோதக சபை. 1776-இல் சேசு சபையினரிடமிருந்து புதுச்சேரி மறைத்தளத்தை ஏற்றுக்கொண்ட சபை இதுதான். நம் ஊர்ப் பங்குகளில் பணியாற்றிய பிரெஞ்சுச் சாமியார்கள் பலர் புறப்பட்ட வாசல் அது. வில்லியனூர் மாதாவைக் கும்பிட்டு வந்தவர்கள் லூர்து போகவும் கேட்பார்கள். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நாள் நெருங்க நெருங்கச் சீட்டு விலை ஏறும் என்பதால் விசா கைக்கு வந்த அன்றே வாங்குங்கள்.

படி ஏற முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி அரிது. 14-ஆம் தடத்தில் மட்டும் எல்லா நிலையத்திலும் உண்டு. நகரப் பேருந்துகள் தாழ்தளம், நேரம் கூடுதலானாலும் அதுவே நல்லது. தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடித் தானே கழுவிக்கொள்ளும், அது முடிந்தபின் பொத்தானை அழுத்தி உள்ளே போக வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு உடனே நுழைந்தால் உள்ளே தண்ணீர் பீய்ச்சும்.

திரும்பும் நாளில் கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். பி ஏறும்போது நடைமேடைப் பலகையில் விமான நிலையத்தின் பெயர் எரிகிறதா என்று பாருங்கள். இந்தத் தடம் ஓல்னே நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது, மித்ரி போகும் வண்டியில் ஏறினால் அங்கே இறங்கி மாற வேண்டும். 1, 3 முனையங்களுக்கு விமான நிலையத்தின் முதல் நிறுத்தம், 2-ஆம் முனையத்துக்குக் கடைசி நிறுத்தம்.