கொடைக்கானலில் கிறிஸ்துமஸ்: சலேத் மாதாவும் பேர் எழுதுகிறவரும்

டிசம்பர் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் வேலை இருக்காது, வேலை நேரம் மட்டும் இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பில்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவது என் தொழில். அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்விடுவதால் பில் வராது. ஆனாலும் நாங்கள் முழுநேரமும் நாற்காலியில் இருந்தாக வேண்டும். திரையில் நம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடாதபடி அவ்வப்போது மவுஸை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். வரவேற்பறையில் பிளாஸ்டிக் மரம் வைத்துப் பனிக்குப் பதில் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். சிவப்புச் சட்டையில் வரச் சொல்லி மெயில் வரும். சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பார்கள், எனக்குப் பெரும்பாலும் காபிக் கோப்பைதான் விழும். இதில் யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவன் நான். எனக்கே கிறிஸ்துமஸ் என்றால் லீவு என்று ஆகிப்போனதுதான் உறுத்தல்.

பெரியம்மா கொடைக்கானல் சலேத் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 14, 15 திருவிழாவுக்கே போயிருக்க வேண்டியது. முழங்கால் வலியால் தள்ளிப்போய்விட்டது. "கூட்டத்துல என்னால ஏற முடியாதுய்யா. கிறிஸ்துமசுக்குக் கூட்டிட்டுப் போ, மாதா கோச்சுக்க மாட்டா" என்றார். 24ஆம் தேதி காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம்.

வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோடு வந்ததும் மலை தொடங்குகிறது. டம்டம் பாறை வளைவில் டிரைவர் மெதுவாகப் போனதால் தலையாறு அருவியைப் பார்க்க முடிந்தது. 297 மீட்டர் உயரம் என்கிறார்கள். எலிவால் அருவி என்று இன்னொரு பெயரும் உண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பெயர்தான் சரி. ஊத்து, பெருமாள் மலை என்று ஏற ஏறப் பெரியம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். நான் போனை எடுத்தேன்.

"லீவு போட்டுட்டு வந்தும் அதையே பாத்துக்கிட்டு இருக்கியே, அங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல பெரியம்மா. அதான் பிரச்சனையே. ஒண்ணுமே இல்லாத வேலை."

பெரியம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாவற்றுக்கும் தினமும் ஏடு எழுதியவர். அதே கட்டம், அதே கிராம் கணக்கு, வந்த பிள்ளைகள் எத்தனை என்று ஒரு எண். உங்களுக்குச் சலிக்கவில்லையா என்று கேட்டேன். "சலிக்காம என்ன? ஆனா பன்னண்டரை மணிக்குப் பிள்ளைக தட்டத் தூக்கிட்டு வந்து நிக்குமே. அப்ப எங்க சலிக்கிறது" என்றார். அது அவருக்குச் சரி. என் பில்லுக்குப் பின்னால் தட்டோடு யாரும் நிற்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் ஜெபமாலையில் அடுத்த மணிக்குப் போய்விட்டார்.

வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகள் நீளமாக நின்றன. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்த வண்டியில், வாடகை வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. அரசு பஸ்ஸுக்கு அது கிடையாது என்பதால் நாங்கள் ஓரமாகப் போய்விட்டோம். ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் சுற்றிய ஒருவர் ஒவ்வொரு காராகக் குனிந்து, போனை வாங்கிப் பார்த்து, சரி போங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமசுக்கு முந்தின நாளில் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார் பாவம் என்று தோன்றியது.

சலேத் மாதா கோயில் சின்னக் குன்றின்மேல் இருக்கிறது. பிரெஞ்சு இயேசு சபைக் குருவான லூயி சேன் சீர் முயற்சியில் 1866இல் எழுந்த கோயில். ஆகஸ்ட் திருவிழாவில் காலை வைக்க இடம் இருக்காது, இந்துக்களும் முஸ்லிம்களும்கூட மெழுகுவத்தியோடு வருவார்கள் என்று பெரியம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் போனபோது கூட்டமே இல்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்காத குரலில் மாதாவிடம் வெகுநேரம் பேசினார். நேர்ந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

நான் பின்னால் உட்கார்ந்து சலேத் கதையை நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்கல்வி வகுப்பில் சின்ன வயதிலேயே கேட்டதுதான், ஆனால் வேலைக்குப் போன பிறகு கேட்டுப் பார்க்க வேண்டிய கதை அது. 1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில், சலேத் என்ற ஊருக்கு மேலே, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் ஒரு மேய்ச்சல் நிலம். கொடைக்கானல் அதைவிட உயரம். மெலானிக்கு வயது 14, சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் வீட்டு மாடு மேய்க்கப் போன கூலிக்காரப் பெண். மாக்சிமினுக்கு 11. உடம்பு சரியில்லாத மேய்ப்பன் ஒருவனுக்குப் பதிலாகச் சில நாட்களுக்கு மட்டும் வந்தவன். எங்கள் பாஷையில் டெம்பரரி. இரண்டு பேரும் மதியம் ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனார்கள். விழித்துப் பார்த்தால் மாடுகளைக் காணோம். பதறியடித்து மேடேறி, மாடுகள் பத்திரமாக மேய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கும்போதுதான் அந்த ஒளி. அதற்குள்ளே முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

வேலை நேரத்தில் தூங்கியவர்களுக்கா காட்சி என்று அந்தக் காலத்திலேயே யாராவது கேட்டிருப்பார்கள். கிரெனோபிள் ஆயர் விசாரித்து ஏற்றுக்கொள்ள ஐந்து வருடம் ஆனது, 1851 வரை.

அவள் மார்பில் ஒரு சிலுவை, அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணியை அடித்த கருவியும் பிடுங்கிய கருவியும் என்று விளக்கம் சொல்வார்கள். அவள் சொன்ன குறைகளில் ஒன்று: உழைக்க ஆறு நாள் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன், ஏழாவது நாளை எனக்கென்று வைத்துக்கொண்டேன், அதைத் தர மனம் வரவில்லை உங்களுக்கு. இந்த இடத்தை ஓய்வுநாளைப் பற்றிய பிரசங்கமாகவே கேட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஏழாவது நாளை விட ஆறு நாள்தான் கண்ணில் பட்டது. அதையும் கொடுத்தது நான்தான் என்கிறாளே. அந்த ஆறு நாளை யாரும் கொடுத்ததாக நான் எண்ணியதே இல்லை, பிடுங்கிக்கொண்டதாகத்தான் எண்ணம். அப்புறம் உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்கிறாள். போன வருடமே அழுகியதே, பார்க்கவில்லையா, கிறிஸ்துமஸ் வரும்போது ஒன்றும் மிஞ்சாது என்கிறாள். அந்த வருடங்களில் ஐரோப்பாவின் பல நாடுகளில் உருளைக்கிழங்கு நோயில் அழிந்தது உண்மைச் சரித்திரம். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் நம்மைவிட நன்றாகப் புரியும்.

மத்தியானம் அறையில் பெரியம்மா காலை நீட்டிப் படுத்துவிட்டார். நான் மட்டும் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கும் மேட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். 1899இல் தொடங்கிய இடம். தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக, மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி இங்கிருந்துதான், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அது ஒருவருக்கு ஒருமுறை வாய்த்தது. மற்ற நாட்களில் யாரோ ஒருவர் புகைப்படத் தகட்டை மாட்டி, படம் எடுத்து, தேதி எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இதைப் பார்த்து எனக்கு ஆறுதல் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. சூரியனின் படம் நூறு வருடம் கழித்தும் வேண்டியிருக்கும், நான் ஏற்றும் பில் அடுத்த காலாண்டுக்கே வேண்டாம்.

இரவுப் பூசைக்கு ஊருக்குள் இருக்கும் பங்குக் கோயிலுக்குப் போனோம். சரியான குளிர், மூச்சு விட்டால் புகை. குடில் நிஜப் பாசியும் நிஜப் பெரணியும் வைத்துக் கட்டியிருந்தார்கள். மதுரையில் பச்சைக் காகிதத்தைக் கசக்கி மலை செய்கிற எங்களுக்கு அது பொறாமையாக இருந்தது. 'உன்னதங்களிலே' பாட்டு எடுத்ததும் எல்லா மணியும் ஒன்றாக அடிக்க, பாலன் சுரூபத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியம்மா அழுதார். அவர் வருடா வருடம் அந்த இடத்தில் அழுவார்.

அப்புறம் நற்செய்தி. இரவுப் பூசையில் எப்போதும் லூக்கா இரண்டாம் அதிகாரம்தான். இத்தனை வருடமும் இடையர்கள் வரும் வரை அதைக் காதில் வாங்காமல் நின்றிருக்கிறேன். அன்று முதல் வரியே பிடித்து நிறுத்தியது. கிறிஸ்துமஸ் கதை வானதூதரில் தொடங்கவில்லை. நட்சத்திரம் லூக்காவில் கிடையவே கிடையாது, அது மத்தேயு. லூக்கா தொடங்குவது ஓர் அரசாங்க உத்தரவில். அகுஸ்து சீசர் ஆள் கணக்கு எடுக்கச் சொல்கிறார், எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்ப் பேரைப் பதிய வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியோடு யோசேப்பு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போனது புண்ணிய யாத்திரையாக அல்ல, பேர் பதிய. அப்படியானால் அந்தப் பேரை எழுதிக்கொள்ள அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும் அல்லவா?

குடிலில் இடையர் உண்டு, ஞானியர் உண்டு, மாடும் கழுதையும் ஒட்டகமும் உண்டு. பேர் எழுதியவருக்குப் பொம்மை கிடையாது. வரிசை நீண்டிருக்கும். தகப்பன் பேர் என்ன, எந்தக் குலம், வீட்டில் எத்தனை பேர் என்று நாள் முழுக்க அதே கேள்வியைக் கேட்டிருப்பார். அந்தக் குழந்தையின் பேர் ஏட்டில் ஏறியதா என்று வேதத்தில் இல்லை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின் ரோமைப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், வேண்டுமானால் உங்கள் கணக்கெடுப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தைரியமாகச் சொல்கிறார்.

அந்தக் கணக்கெடுப்பில் நல்லது ஒன்றும் இல்லை. ஜனங்களிடம் வரி பிடுங்கத்தான் அது. பெரியம்மாவின் ஏடு பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, ஆய்வுக்கூடத்தின் ஏடு அறிவைத் தந்தது. பெத்லகேம் ஏடு பாரம் மட்டுமே. அதை எழுதியவருக்கு அது எதற்கு என்று தெரிந்திருந்தால் சலிப்போடு வெறுப்பும் சேர்ந்திருக்கும். அப்படியும் மீக்கா இறைவாக்கினர் பெத்லகேம் என்று சொன்ன இடத்துக்கு மரியாவைக் கொண்டு சேர்க்கக் கடவுளுக்கு அந்த ஏடு போதுமானதாக இருந்தது. வானதூதர் வந்ததும் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களிடம் அல்ல, ராத்திரி ஷிப்டில் ஆட்டுக்குக் காவல் இருந்தவர்களிடம். அவர்களும் பாலனைப் பார்த்துவிட்டுக் கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள் என்கிறார் லூக்கா. எங்கே திரும்பியிருப்பார்கள்? ஆடுகளிடம்தான்.

இதை வைத்து, மவுஸை ஆட்டச் சொல்கிறவர்கள் செய்வது சரி என்று யாராவது கிளம்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சலிப்பு புனிதம் என்றும் சொல்ல வரவில்லை. நாற்காலியிலிருந்து தப்பித்துப் போனால்தான் கிறிஸ்துமஸ் என்று இருந்தேனே, அந்தக் கணக்கு மட்டும் உடைந்தது.

பூசை முடிந்து வெளியே கேக்கும் சுக்குக் காபியும் கொடுத்தார்கள். ஒரு ஓரத்தில் மேசை போட்டு, ஏழைக் குடும்பங்களுக்கான நன்கொடைக்கு ரசீது எழுத வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பங்கு ஆட்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா விடுவாரா. "எங்க பையன் ஆபீஸ்ல பூராம் இதான் செய்யிறான்" என்று என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். குளிரில் பேனா எழுதவில்லை, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எழுதினேன். பேர், ஊர், தொகை. அடுத்தவர். பேர், ஊர், தொகை.

மன்னவனூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் பணம் நீட்டாமல், மகனைக் கூப்பிட்டு ஒரு மூட்டை உருளைக்கிழங்கை மேசைக்குப் பக்கத்தில் இறக்கச் சொன்னார். பேரும் ஊரும் எழுதிவிட்டேன். தொகைக் கட்டத்தில் பேனா நின்றது.

"ஐயா, இது என்ன விலை போகும்?"

"விலையா? வெலைக்கா தம்பி நான் கொண்டாந்தேன்?"

"இல்லங்கய்யா, இந்தக் கட்டத்துல ரூபாய்தான் போடணும்."

அவர் குனிந்து ரசீதைப் பார்த்தார். "கட்டம் பெருசாத்தானே இருக்கு. கிழங்குன்னு எழுதுங்க."

எழுதினேன். "ஒரு மூட்டைன்னும் சேத்துப் போடுங்க" என்றார்.